துணை நிற்றலும் துணை போதலும்

மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிவோனுக்கு, ஒரே சொல் இரண்டு இடங்களில் இரண்டு முகம் காட்டுவது புதிதன்று. சட்ட ஆவணங்களில் ‘எனேபிளிங்’ என்னும் ஆங்கிலச் சொல் வருங்கால், ‘செயலாற்ற வகை செய்தல்’ என்று எழுதிவிட்டு மேலே செல்வேன். ஒருவருக்கு ஆற்றலையும் உரிமையையும் தருவதைக் குறிக்கும் நல்ல சொல் அது. ஆனால் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை அளிப்போரின் நூல்களில் இதே சொல் கவலைக்குரிய பொருளில் வழங்குகிறது. பழக்கத்துக்கு ஆட்பட்டவரின் கணவரோ மனைவியோ, அன்பின் மிகுதியால், அப்பழக்கம் தடையின்றி நீடிப்பதற்கே வகை செய்துவிடுவதை அங்கு அது குறிக்கும்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று எண்ணியபோது நம் மொழியே விடை தந்தது. ‘துணை நிற்றல்’ என்கிறோம். ‘துணை போதல்’ என்றும் சொல்கிறோம். முன்னது அறம், பின்னது தவற்றில் பங்கு. இல்லறத்தில் இவ்விரண்டையும் எங்ஙனம் பிரித்தறிவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எங்கள் அரசுக் குடியிருப்பில், எதிர்வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வந்தவர்கள். கணவருக்கு முதுகில் அடிபட்டு, அபினியின் இனத்தைச் சேர்ந்த வலிநீக்கி மாத்திரைகளை உட்கொள்ளத் தொடங்கினார். வலி தீர்ந்தது, மாத்திரை தீரவில்லை. இரண்டு ஆண்டுகளில், அது இல்லாமல் அலுவலகப் படியேற இயலாத நிலை வந்தது.

அவருடைய மனைவி செய்தவற்றை அருகிலிருந்து கண்டேன். கணவர் எழுந்திருக்க முடியாத நாள்களில் மேலதிகாரிக்குத் தொலைபேசியில் ‘காய்ச்சல்’ என்று தெரிவித்தார். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றபோது கைவளையை அடகு வைத்துத் தீர்த்தார். ஊரிலிருந்து மாமியார் பேசும்போதெல்லாம் ‘எல்லாரும் சௌக்கியம்’ என்றார். ஓர் இரவு, கணவர் உடல் நடுங்கி, கண்ணீரும் மூக்குநீருமாய்த் துடிப்பதைக் காணச் சகியாமல், தாமே மருந்துக்கடைக்குச் சென்று மாத்திரை வாங்கி வந்தார்.

இதில் எனக்கும் பங்குண்டு. ‘அண்ணாச்சி, மாசக் கடைசி, கொஞ்சம் பணம் வேணும்’ என்று அவ்வம்மையார் மூன்று முறை கேட்டபோது, எதற்கென்று வினவாமல் கொடுத்தேன். வினவுவது நாகரிகமன்று என்று எண்ணினேன். அந்த நாகரிகத்துக்குள் என் கோழைத்தனம் ஒளிந்திருந்ததைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மிடையே இத்தகைய மறைப்பு எளிதில் வளர்கிறது. ஊரிலாயின் மாமனோ சித்தப்பாவோ வீட்டின் முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வார்கள். இங்கு உறவினர் அருகில் இல்லை. இருப்பவர்களோ நம்மவர் முன்னிலையில் பெயர் கெட்டுவிடுமோ என்ற அச்சத்துக்குக் காரணமாகிறார்கள். ஆகவே கதவு சாத்தப்படுகிறது. உள்ளே நோய் வளர்கிறது.

நோய் என்று வேண்டுமென்றே சொல்கிறேன். அபின் வகைப் பொருள்கள், வலியையும் இன்பத்தையும் உணரும் மூளைப் பகுதிகளில் வேலை செய்பவை. நாளடைவில் மூளை அவற்றுக்குப் பழகி, முன்பு போதுமாயிருந்த அளவு போதாதாகிறது. திடீரென நிறுத்தினால் உடல் வலி, குளிர், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியவை தாக்குகின்றன. இந்நிலையில் ‘மனவுறுதி இல்லாதவர்’ என்று ஏசுவதனால் பயன் யாதுமில்லை. 2019-ஆம் ஆண்டு வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பு, அபின் வகைப் பொருள்களின் தீங்குக்கோ அடிமைத்தனத்துக்கோ ஆளாகி உதவி வேண்டி நிற்போர் நம் நாட்டில் ஏறக்குறைய 77 லட்சம் பேர் என மதிப்பிட்டது. அவர்களுள் பலருக்குப் பின்னால் ஒரு துணைவியோ துணைவரோ விழித்திருக்கிறார் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

துணை போதல் எவ்வாறு தீங்கு செய்கிறது? எப்பழக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. வேலையில் கண்டனம், கடன், அவமானம் ஆகியவையே போதையின் விலை. அவ்விலையை அவர் செலுத்த வேண்டிய இடத்தில் மனைவி செலுத்திக்கொண்டே போனால், மாத்திரையின் சுகம் அவருக்கும், அதன் துன்பம் மனைவிக்குமாகப் பிரிந்துவிடுகிறது. சிகிச்சையை நாட அவருக்குக் காரணம் ஒன்றும் எஞ்சுவதில்லை. இதைக் கேட்டதும், ‘அப்படியாயின் குற்றம் என்னுடையதோ?’ என்று மனம் துணுக்குறலாம். நோயை அவர் உண்டாக்கவில்லை. தனியாக நின்று அதைக் குணப்படுத்தவும் அவரால் இயலாது. தம் கை செய்வதை மாற்றிக்கொள்வது ஒன்றே அவர் வசத்தில் உள்ளது.

இவ்வுண்மையை முதலில் உணர்ந்தவர்களுள் அமெரிக்கப் பெண்மணி லோயிஸ் வில்சன் ஒருவர். அவருடைய கணவர் பில் வில்சன் பெருங்குடியர். லோயிஸ் கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காத்தார். கணவர் குடியை விட்டு, 1935-இல் குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பைத் தோற்றுவித்தார். வீட்டில் அமைதி வந்திருக்க வேண்டுமன்றோ? ஒரு நாள், கூட்டத்துக்கு நேரமாகிறது என்று கணவர் அழைத்தபோது, லோயிஸ் தம் காலணியை அவர்மீது வீசினார். தம் சினத்தைக் கண்டு தாமே வியந்தார். கணவரைத் திருத்துவதையே வாழ்வாகக் கொண்டிருந்த தமக்கும் ஆறுதல் தேவை என்று உணர்ந்தார். 1951-இல், தோழி ஒருவருடன் சேர்ந்து, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென ‘அல்-அனான்’ அமைப்பைத் தொடங்கினார். அதன் குழுக்கள் இந்திய நகரங்களிலும் கூடுகின்றன.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. குடிநோயால் 1979-இல் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், அடுத்த ஆண்டே அவர் பெயரால் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு நோயாளியின் சிகிச்சையோடு குடும்பத்தாருக்குரிய பயிற்சியும் சேர்ந்தே நடைபெறுகிறது. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

‘அப்படியானால் அடியோடு கைவிட்டு, பாதாளத்தில் விழட்டும் என்று காத்திருப்பதா?’ என்று கேட்கலாம். அவ்வாறு காத்திருக்கத் தேவையில்லை. போதையில் விழுவோருக்குப் பாதாளம் சில வேளைகளில் மரணமாகவே அமைந்துவிடும். அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய குடும்பப் பயிற்சி முறை வேறொரு வழியைக் காட்டுகிறது. சிகிச்சைக்கு மறுத்துவந்த குடியர்களின் குடும்பத்தாரிடையே நடந்து 1999-இல் வெளியான ஆய்வொன்றில், இம்முறையைக் கற்ற குடும்பங்களில் 64 விழுக்காட்டினர் தம்மவரைச் சிகிச்சைக்கு இணங்கச் செய்தனர். உறவினர் கூடி நோயாளியை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் முறையில் அது 30 விழுக்காடாகவே இருந்தது. கண்டிப்பைவிடக் கனிவு இரு மடங்கு பயன் தந்தது எனலாம். ஆனால் அது பயிற்சி பெற்ற கனிவு.

அப்பயிற்சியின் சாரம் எளியது. அவர் போதையிலிருக்கும்போது வாதிடாதீர்கள். தெளிவாயிருக்கும் வேளையில் சுருக்கமாகப் பேசுங்கள். ‘நீங்கள் இப்படித்தான்’ என்று தொடங்காமல், ‘நேற்று இரவு எனக்கு அச்சமாயிருந்தது’ என்று சொல்லுங்கள். போதையில்லாத நாளில் அவருக்குப் பிடித்த உணவு, உடன் ஓர் உலா, சிரிப்பு ஆகியவை அவரை எதிர்கொள்ளட்டும். போதையிலுள்ள நாளில் சண்டையின்றி விலகியிருங்கள். அவருக்காகப் பொய் சொல்லாதீர்கள். அவருடைய கடனை அடைக்காதீர்கள். பணமாகக் கொடுப்பதற்குப் பதில், மருத்துவமனைக்குப் பேருந்துச் சீட்டு எடுத்து உடன் செல்லுங்கள். அவர் ‘போதும்’ என்று வாய்திறந்து சொல்லும் நாள் வரும். அன்றே அழைத்துச் செல்ல இடமொன்றை முன்னதாகவே விசாரித்து வைத்திருங்கள். உங்கள் உறக்கத்தையும் நட்பையும் வேலையையும் கைவிடாதீர்கள்.

சில இடங்களில் இவ்விதிகள் செல்லா. மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து, எழுப்பினாலும் எழாவிடின் உடனே 112-ஐ அழைக்க வேண்டும். மானம் பார்க்கும் வேளையன்று அது. சில வாரங்கள் நிறுத்தியிருந்தவர் பழைய அளவையே மீண்டும் உட்கொண்டால் உயிர் போகக்கூடும். உடல் அதைத் தாங்கும் ஆற்றலை இழந்திருக்கும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரெனக் குடியை நிறுத்துவதும் ஆபத்தானது. கை ஓங்கப்படும் வீட்டில் முதற்கடமை, தம்மையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்வதே.

உதவி எங்கே கிடைக்கும்? போதைப் பழக்கத்துக்கெனத் தேசிய உதவித் தொலைபேசி 14446 உள்ளது. மனநல ஆலோசனைக்கு, 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். அதில் தமிழிலும் பேச வசதி உண்டு. தில்லியை அடுத்த காசியாபாத்தில், அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் செயல்படுகிறது. அபின் வகைப் பழக்கத்துக்கு நாவின் அடியில் வைத்துக் கரைக்கும் ப்யூப்ரினார்ஃபின் என்னும் மருந்து மருத்துவர் மேற்பார்வையில் அளிக்கப்படுகிறது. ‘ஒரு போதைக்கு மற்றொன்றா?’ என்று தடுக்காதீர்கள். துடிப்பை அடக்கி, வேலைக்கும் குடும்பத்துக்கும் மனிதரைத் திருப்பித் தரும் மருந்து அது. காவலர் பிடித்துவிடுவரோ என்ற அச்சமும் பலரைத் தடுக்கிறது. போதைப் பொருளை உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு இடமளிக்கிறது. சிகிச்சையை இடையில் விட்டால் அவ்விலக்குத் திரும்பப் பெறப்படலாம்.

எதிர்வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். ஒரு காலையில் அலுவலகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. நானும் அங்கிருந்தேன். அம்மையார் பேசியைக் கையிலெடுத்தார், சற்று நின்றார். பிறகு கட்டிலருகே சென்று, ‘நீங்களே சொல்லுங்க’ என்று கணவரிடம் நீட்டினார். அவர் குரலில் சினமில்லை. கணவர் நெடுநேரம் தயங்கி, ‘உடம்பு சரியில்லை ஐயா, சிகிச்சைக்கு விடுப்பு வேண்டும்’ என்றார். மறுவாரம் மருத்துவமனைக்கு இருவரும் சேர்ந்தே சென்றனர். இடையில் ஒரு முறை அவர் மீண்டும் வழுக்கி விழுந்தார். இந்நோயில் அது அரிதன்று. அப்போதும் அம்மையார் அவருக்காகப் பொய் சொல்லவில்லை. அவரை விட்டு நீங்கவுமில்லை. மருந்துச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘புறப்படுங்க, போவோம்’ என்றார்.