மதுவும் காலமும்: உடலின் இயங்குமுறை பற்றிய ஒரு நோக்கு

மது பற்றிய சிந்தனை நமது மரபிலே பெரும்பாலும் ஓர் அறவியற் பிரச்சினையாகவே இருந்து வந்துள்ளது. திருக்குறளின் 93ஆம் அதிகாரமான 'கள்ளுண்ணாமை' இதற்குத் தக்க சான்றாகும். குடிப்பவனின் மானம், ஒழுக்கம் ஆகியன பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு, குடித்த மது உடலினுள் யாதாகின்றது என்னும் வினா நம்மிடையே எழுப்பப்படவில்லை. போதையைத் தெளிவிப்பது மனவுறுதியோ உடல்வலுவோ அன்று, காலமே என்பதையும், அக்காலம் எல்லா வர்க்கத்தினர்க்கும் ஒரேவிதமாக வாய்ப்பதில்லை என்பதையும் ஈண்டு நோக்குவோம்.

கள், சாராயம், பியர் என வடிவம் வேறுபடினும் அவற்றிலுள்ள போதைப் பொருள் எதனோல் எனப்படும் மதுசாரமே. அது சமிபாடடைய வேண்டியதில்லை. ஒரு பகுதி இரைப்பையிலும் பெரும்பகுதி சிறுகுடலிலும் நேரடியாக உறிஞ்சப்பட்டுக் குருதியிற் கலக்கின்றது. வயிற்றில் உணவிருப்பின் உறிஞ்சல் தாமதமாகும்; உச்சச் செறிவும் குறையும். மேலும், மதுசாரம் உடலின் கொழுப்பிலன்றி நீரிலேயே பெரிதும் பரவுகின்றது. ஆகவே, ஒரே நிறையுடைய ஆணும் பெண்ணும் ஒரே அளவு அருந்தினாலும், உடலில் நீரின் விகிதம் குறைந்த பெண்ணின் குருதியிலே செறிவு பொதுவாகக் கூடுதலாக இருக்கும்.

உட்சென்ற மதுசாரத்தில் ஏறத்தாழ 2 முதல் 10 வீதம் வரையே மூச்சு, சிறுநீர், வியர்வை வழியே மாற்றமின்றி வெளியேறுகின்றது. எஞ்சியதை மாற்றும் பொறுப்பு பெரும்பாலும் ஈரலைச் சார்ந்தது. அங்கு ஒரு நொதியம் அதனை அசற்றல்டிகைட்டு என்னும் நச்சுப் பொருளாக மாற்றுகின்றது. பிறிதொரு நொதியம் அந்நச்சினை அசற்றேற்றாக மாற்ற, அது ஈற்றில் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் முடிகின்றது.

இங்கு மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. பல மருந்துகள், குருதியிற் கூடுதலாக இருக்கும்போது கூடுதலான அளவில் அகற்றப்படுகின்றன. மதுசாரத்தின் நிலை வேறு. சிறிதளவு மதுசாரத்திலேயே முதலாவது நொதியம் தனது முழு ஆற்றலையும் எட்டிவிடுகின்றது. அதன் பின்னர் எவ்வளவு குடித்தாலும் அது ஏறத்தாழ ஒரே வீதத்திலேயே தொழிற்படும். சுவீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் 1932இல் வெளியிட்ட ஆய்வு இக்கணிப்புக்கு அடிப்படையாயிற்று. குருதியின் 100 மில்லிலீற்றருக்கு, மணித்தியாலம் ஒன்றில், பொதுவாக 10 முதல் 20 மில்லிகிராம் வரை குறையும். சராசரி 15 எனலாம்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 60 கிலோகிராம் நிறையுடைய ஓர் ஆண், மூன்றிலொரு பங்கு மதுசாரங்கொண்ட சாராயத்தில் அரைப்போத்தல், அதாவது 375 மில்லிலீற்றர், அருந்துகிறான் எனக் கொள்வோம். அதிலுள்ள மதுசாரம் 125 மில்லிலீற்றர். நிறையில் 99 கிராம் அளவானது. விட்மார்க்கின் முறைப்படி குருதிச் செறிவு ஏறத்தாழ 235 மில்லிகிராம் ஆகும். அது முற்றாக நீங்க 15 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். மாலை 7 மணிக்குக் குடித்தவனின் குருதி மறுநாட் காலை 10 மணி வரையிலும் தெளிவதில்லை.

தேசிக்காய்ச் சாறு, கடுங்கோப்பி, குளிர்நீர்க் குளியல் ஆகியன போதையை முறிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. கோப்பி தூக்கத்தைக் கலைக்கலாம். ஈரலின் வேகத்தை அது கூட்டுவதில்லை. நெடுநாட் குடித்துப் பழகியோரிடம் அகற்றும் வீதம் ஓரளவு கூடுவதுண்டு. எனினும், அவர்கள் நிதானமாகத் தோன்றுவதற்கு மூளை போதைக்குப் பழகிவிட்டமையே பெரிதுங் காரணமாகும். தெளிந்துவிட்டதாகத் தோன்றுவது வேறு, தெளிந்திருப்பது வேறு.

இவ்விடத்திலேதான் உடலியல் சமூகவியலோடு இணைகின்றது. வசதி படைத்தவன் மறுநாள் நண்பகல் வரை உறங்கலாம். பெரட்டுக்களத்தில் விடியலில் நிற்கவேண்டிய தோட்டத் தொழிலாளிக்கும், அதிகாலையில் லொறியை எடுக்கவேண்டிய சாரதிக்கும் அக்கால அவகாசம் இல்லை. இயந்திரத்தில் விரலை இழந்தால், குற்றம் அவனது ஒழுக்கத்தின் மீதே சுமத்தப்படுகின்றது. 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய எங்கெல்சு, குடியைத் தனிமனிதத் தீயொழுக்கமாக மட்டும் காணாது, வாழ்நிலையின் விளைவாகவும் கண்டார். 19ஆம் நூற்றாண்டு இலங்கையிலே குடியேற்ற அரசு சாராய விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டியது. அக்குத்தகை உள்ளூர் முதலாளிகள் பலரின் மூலதனத் திரட்டலுக்கு வழிவகுத்தமையைக் குமாரி ஜயவர்தன விரிவாக ஆராய்ந்துள்ளார். குடிப்பவனை இகழ்ந்த சமூகமே அவன் குடியிலிருந்து செல்வமுஞ் சேர்த்தது.

எனவே, குடி பற்றிய பிரசாரம் வெறும் அறவுரையாக நின்றுவிடலாகாது. எவ்வளவு அருந்தினால் எத்தனை மணித்தியாலம் வேண்டும் என்னும் எளிய கணக்கைத் தொழிற்சங்கங்களும் பாடசாலைகளும் மக்களிடம் கொண்டு செல்லவேண்டும். சாரதியொருவன் முந்திய இரவே அக்கணக்கைப் போட்டுப் பார்ப்பானாயின், அவனுயிரோடு வீதியிற் செல்லும் பிறருயிரும் காக்கப்படும். அதே வேளையில், களைப்பைத் தணிக்க மதுவையன்றி வேறெதனையும் விட்டுவைக்காத உழைப்பு நிலைமைகளை மாற்றும் பணியும் நம்முன் உள்ளது. முன்னையது அறிவால் ஆவது. பின்னையது கூட்டுப் போராட்டத்தாலன்றி ஆகாது.