குருக்களுக்கு வேண்டிய ஆங்கிலம்

1981ஆம் ஆண்டில் விம்பிள்டனில் கணபதி ஆலயம் அமைந்த காலந்தொட்டு, இலண்டனில் நம்மவர் வாழும் பகுதிகளெங்கும் கோவில்கள் எழுந்துள்ளன. குருக்கள்மாரைப் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்துமே அழைத்து வருகிறோம்.

முன்னர் ஆங்கிலப் பரீட்சை கோராத தற்காலிக விசாவில் ஈராண்டுக்கு ஒருவரை வரவழைக்க முடிந்தது. 2019 சனவரி 10 முதல் அவ்வழி அடைபட்டது. பூசைக்குத் தலைமை தாங்குபவர் மதகுருவுக்குரிய விசாவிலேயே வரவேண்டும். அதற்கு ஐரோப்பிய அளவுகோலில் பி2 எனப்படும் தரத்தில் ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். நாம் பல்கலைக்கழகத்திற் கற்பித்த மாணவர் பலரே இத்தரத்தை எட்டச் சிரமப்பட்டிருப்பர். ஆகமங் கற்றுத் தேர்ந்த குருக்கள் பரீட்சை மண்டபத்திலேயே நின்றுவிடுகிறார். ஆயினும், நம் பிள்ளைகள் தமிழை மறந்துவரும் நிலையில், அடியாருடன் பேசுபவருக்கு இந்நாட்டு மொழி வேண்டும் என்னும் வாதத்தை முற்றாகத் தள்ளவும் இயலவில்லை.

தலைமைப் பணியல்லாத சமயப் பணிக்குத் தற்காலிக விசா இன்றும் உண்டு. உதவியாளர் என்று எழுதி அழைத்து, மூலஸ்தானத்திற் பூசைக்கு நிறுத்தலாம் என எண்ணுவது ஆபத்தானது. அழைக்கும் ஆலயத்தின் உரிமத்தை உள்துறை அமைச்சு பறித்தால், பரிபாலன சபையினர் வீடு திரும்புவர். குருக்களுக்கோ வழக்கமாக 60 நாட்களே மிஞ்சும். அதற்குள் உரிமம் பெற்ற வேறு ஆலயம் கிடைக்காவிடில், குடும்பத்துடன் வெளியேற வேண்டியதுதான். தட்டில் விழும் தட்சணையைச் சம்பளமாகக் காட்டுவதும் செல்லாது.

அடுத்த பொதுக்கூட்டத்திற் கையுயர்த்துமுன், உரிமத்திற்குப் பொறுப்பானவர் யார், குருக்களின் சம்பளச் சீட்டு எங்கே என்று வாசகர்கள் கேட்கட்டும்.