‘கூலி’ என்று சொல்லாதீர்கள், வேலையைச் சொல்லுங்கள்

“என்ன வேலை பார்க்கிறீங்க?”

“கூலி வேலைதாங்க, டாக்டர்.”

வடசென்னையின் எந்த அரசு மருத்துவமனையிலும் காலையில் ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் நின்றால் இந்த இரண்டு வரிகள் காதில் விழும். கூட்டம் அதிகமான நாட்களில் முதல் வரியைக் கேட்கவே மருத்துவருக்கு நேரம் இருக்காது. இருமல் என்றால் இருமலுக்கு மருந்து, அரிப்பு என்றால் அரிப்புக்குக் களிம்பு எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்.

ஆனால் அந்தக் ‘கூலி’ என்ற சொல்லுக்குள் எத்தனை வேலைகள் ஒளிந்திருக்கின்றன! ராயபுரத்தில் விடியற்காலையில் குப்பை அள்ளும் அக்காவும் கூலிதான். தண்டையார்பேட்டையில் பாதாளச் சாக்கடை அடைப்பு எடுக்கும் அண்ணனும் கூலிதான். எண்ணூரில் நிலக்கரித் தூசிக்கு நடுவே கான்ட்ராக்டில் வேலை செய்பவரும், திருவொற்றியூர் பக்கம் கெமிக்கல் டிரம் கழுவுபவரும் கூலிதான். நான்கு பேரின் நுரையீரலுக்குள்ளும் போவது வேறு வேறு. சீட்டில் மட்டும் நால்வரும் ஒன்று.

ஏன் வேலையைச் சொல்வதில்லை? நம் மக்களுக்கு இந்தக் காரணம் தெரியும். குப்பை வேலை, சாக்கடை வேலை என்று சொன்ன மறுநிமிடம் எதிரில் இருப்பவருக்குச் சாதி தெரிந்துவிடும். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வாரோ, கையைப் பிடித்து நாடி பார்க்கத் தயங்குவாரோ என்ற பயம். அந்தப் பயம் நாமாக உண்டாக்கிக்கொண்டதல்ல, பட்டுத் தெரிந்துகொண்டது. அதனால் ‘கூலி’ என்ற பொதுச் சொல்லை ஒரு போர்வையைப் போல இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். அந்தப் போர்வைக்குள் நோயின் காரணமும் மறைந்துவிடுகிறது.

கேட்க வேண்டிய கேள்வி

தொழிலால் வரும் நோய்களைப் பற்றிய முதல் பெரிய மருத்துவ நூலே ஒரு மலக்குழித் தொழிலாளியிடமிருந்துதான் தொடங்கியது. இத்தாலியில் மொடேனா என்ற ஊரில் பெர்னார்தினோ ரமாசினி என்ற மருத்துவர் இருந்தார். தன் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்த தொழிலாளி மிகவும் அவசரமாக வேலை செய்வதைப் பார்த்து, ஏன் என்று கேட்டார். இதற்குள் அதிக நேரம் இருந்தால் கண் போய்விடும் என்று அந்தத் தொழிலாளி சொன்னார். ரமாசினி ஊரெங்கும் அந்த வேலை செய்தவர்களின் கண்களைக் கவனித்தார். பிறகு சுரங்கத் தொழிலாளி, குயவர், சலவைத் தொழிலாளி என்று ஒவ்வொரு தொழிலாகப் போய்ப் பார்த்து 1700-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: உன் தொழில் என்ன?

300 ஆண்டுகள் கடந்தும் அந்தக் கேள்வி நம் ஓ.பி. சீட்டில் ஏறவில்லை. மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் பதிலை நாமே எழுதி எடுத்துக்கொண்டு போவது ஒரு வழி. அதற்கு வேண்டியது ஒரு 80 பக்க நோட்டு.

ஒரு வரி செய்யும் வேலை

மழைக்காலத்தில் காய்ச்சல், உடம்பு வலி, கண் சிவப்பு என்று ஒருவர் வருகிறார். சாதாரணக் காய்ச்சல் போலத்தான் தெரியும். ‘நான்கு நாட்களுக்கு முன் தேங்கிய சாக்கடைத் தண்ணீரில் இறங்கி வேலை செய்தேன், காலில் புண் இருந்தது’ என்று நோட்டில் ஒரு வரி இருந்தால் மருத்துவரின் மனது உடனே எலிக்காய்ச்சல் பக்கம் போகும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாகப் பரவும் நோய் அது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மருந்தில் குணமாகும். தள்ளிப்போனால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடிக்கும்.

சாக்கடைக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடும்போது மூக்கு அந்த வாசனையை உணரும் சக்தியையே இழந்துவிடும். வாயு போய்விட்டது என்று நினைத்து உள்ளே இறங்குபவர்கள் மயங்கி விழுகிறார்கள். உயிர் பிழைத்து வருபவருக்குத் தலைவலியும் மறதியும் மூச்சுத் திணறலும் தொடர்ந்தால், அன்று நடந்ததை யாராவது எழுதி வைத்திருந்தால்தான் அடுத்த மருத்துவருக்குத் தெரியும்.

இழுப்பும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் மூச்சு நன்றாக இருந்து, திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் இழுக்கிறதா? ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்தால் குறைகிறதா? ஒரே மாதம் தேதி போட்டு எழுதி வந்தால் போதும், நோய் வீட்டிலிருந்து வருகிறதா வேலையிலிருந்து வருகிறதா என்று மருத்துவர் யோசிக்க வழி கிடைக்கும்.

எண்ணூர் இரவும் போபால் பாடமும்

2023 டிசம்பர் 26 நள்ளிரவை எண்ணூர் மக்கள் மறக்கமாட்டார்கள். பெரியகுப்பம் அருகே கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கு அடியில் போடப்பட்டிருந்த குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலோடும் மூச்சு முட்டலோடும் மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளமும், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கழிவும் வந்துபோயிருந்தன.

இப்படி ஒரு விபத்துக்குப் பிறகு ஒரு கேள்வி எழும். இந்த இருமல் அன்று வந்ததா, முன்பே இருந்ததா? விபத்துக்கு முன் மூச்சு எப்படி இருந்தது என்று காட்ட ஒரு தாள்கூட இல்லாதவரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டவர்கள் போபால் மக்கள். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. இழப்பீடு கொடுக்கும்போது பாதிப்பின் அளவை மருத்துவத் தாள்களைக் கொண்டு வகைப்படுத்தினார்கள். பெரும்பாலானவர்கள் தற்காலிகப் பாதிப்பு என்ற வகையில் வைக்கப்பட்டு, அவர்களுக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்ட் 9 அன்று, ஒவ்வொருவருக்கும் உடல்நலக் கையேடும் ஸ்மார்ட் கார்டும் கொடுக்க வேண்டும், மருத்துவப் பதிவுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. விபத்து நடந்து 27 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு வந்த உத்தரவு இது. தொழிற்சாலைகள் சூழ வாழும் நாம் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

உரிமைக்கும் தாள் வேண்டும்

தொழிலாளிக்கு நோய் வந்தால் பாதுகாப்பு வேண்டும் என்ற எண்ணத்துக்கு நம் நாட்டில் உருவம் கிடைத்த காலத்தில், வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் பொறுப்பில் இருந்தபோதுதான் பேராசிரியர் அடார்க்கர் நியமிக்கப்பட்டு 1944-இல் அறிக்கை கொடுத்தார். அதன் வழியில் வந்தது 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். தொழிலால் வரும் தோல் நோய்களும் ஆஸ்துமாவும், தூசியால் வரும் நுரையீரல் நோய்களும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் எந்த வேலையை எத்தனை ஆண்டுகள் செய்தார் என்று காட்டினால்தான் அந்தப் பட்டியலால் பயன்.

சாக்கடைப் பணியில் இறந்தால் 30 லட்சம், நிரந்தர ஊனம் ஏற்பட்டால் 20 லட்சத்துக்குக் குறையாமல், மற்ற ஊனங்களுக்கு 10 லட்சத்துக்குக் குறையாமல் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று தீர்ப்பளித்தது. ஊனத்தைக் காட்டுவதற்கு மருத்துவத் தாள் வேண்டும்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். மறுநாள் தமிழக அமைச்சரவை அறிவித்த திட்டங்களில் ஒன்று, தூய்மைப் பணியாளர்களின் தொழில்சார் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தருவது. அவர்கள் கேட்டது பணிப் பாதுகாப்பு, அறிவிப்பில் வந்தது வேறு. ஆனாலும் அறிவித்ததைக் கேட்டு வாங்க வேண்டும். ‘இது வேலையால் வந்த நோய்தானா?’ என்று அதிகாரி கேட்கும்போது எடுத்துக் காட்ட நோட்டு இருக்க வேண்டும்.

நோட்டில் என்ன எழுதுவது?

முதல் பக்கத்தில் பெயர், வயது, ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, அவசரத்துக்கு ஒரு போன் எண், இ.எஸ்.ஐ. எண், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை எண். சாதியை எழுத வேண்டியதில்லை.

இரண்டாம் பக்கம் வேலைக்கு. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த இடத்தில், என்ன வேலை, எந்த கான்ட்ராக்டரிடம், கையில் படுவது என்ன, மூச்சில் போவது என்ன, கையுறையும் முகமூடியும் கொடுத்தார்களா? ‘கூலி’ என்று எழுதாதீர்கள். ‘2014 முதல் குப்பை வண்டி, வீட்டுக் குப்பையோடு மருத்துவமனை ஊசியும் வரும், கையுறை கிடையாது’ என்று எழுதுங்கள்.

மூன்றாம் பக்கத்திலிருந்து நாட்குறிப்பு. தேதி, உடம்புக்கு என்ன, அன்று என்ன வேலை, எந்த மருத்துவமனை, என்ன மருந்து, குறைந்ததா இல்லையா என்று இரண்டு வரி போதும். சுகர், பிரஷர் பார்த்தால் அந்த எண்ணையும் எழுதுங்கள். வேலையில் ஊசி குத்தினாலோ மயக்கம் வந்தாலோ நேரத்தையும், கூட இருந்தவர் பெயரையும் எழுதுங்கள். ஊசி குத்தினால் எழுதுவதற்கு முன்னால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அதற்கான தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நோட்டின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கவரில் சீட்டுகளையும் ஸ்கேனையும் தேதி வரிசையில் வையுங்கள். ஈ.சி.ஜி. தாளில் உள்ள எழுத்து நாளடைவில் மங்கிவிடும், உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். வெள்ளம் வரும் ஊர் நம்முடையது. எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். நோட்டை மேஸ்திரியிடமோ கான்ட்ராக்டரிடமோ கொடுக்காதீர்கள். நோயைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நிறுத்துபவர்களும் உண்டு. தேவைப்பட்டால் தேவையான பக்கத்தின் ஜெராக்ஸ் மட்டும் போதும்.

மருத்துவரின் முன் உட்கார்ந்ததும் நோட்டை நீட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். முந்தின இரவே மூன்று வரி தயார் செய்துகொள்ளுங்கள்: என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, என்ன வேலை. பிறகு ஒரே கேள்வி: “சார், இது என் வேலையால வந்திருக்குமா? சீட்டுல எழுதிக் கொடுங்க.”

கேட்டால் தர வேண்டும்

நோயாளி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. உள்நோயாளியின் பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். தூசியால் வரும் நுரையீரல் நோய் வெளியே தெரியப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். மருத்துவமனைத் தாள் அதற்குள் போய்விடக்கூடும். எனவே டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அரசு மருத்துவமனையில் எழுதிக் கேட்டும் கிடைக்கவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடலாம்.

இது வடசென்னைக்கு மட்டுமான செய்தி அல்ல. செங்கல் சூளையில், கல் குவாரியில், தோல் பதனிடும் தொழிற்சாலையில், வயலில் பூச்சி மருந்து அடிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கும் அந்த இரண்டாம் பக்கம் தேவை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவுக்கோ பெரியப்பாவுக்கோ எழுத வராமல் இருக்கலாம், எழுதக் கூச்சமாகவும் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். முதன்முதலில் எப்போது வேலைக்குப் போனீர்கள், எங்கே, என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கட்டிலுக்கு அடியிலும் பீரோ மேலும் கிடக்கும் பழைய சீட்டுகளைத் தேடி எடுத்துத் தேதி வாரியாக அடுக்குங்கள். அடுத்த முறை அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடவே போங்கள். வேலை என்ன என்று மருத்துவர் கேட்டால் அவர்களே சொல்லட்டும். கேட்காவிட்டால் நீங்கள் இரண்டாம் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.