ஒரு சிறுமியின் நினைவுகளும் நம் முன்முடிவுகளும்

ஒரு நாட்டையோ சமயத்தையோ ஒரே சொல்லில் அடக்கிவிடும் வழக்கம் நம் பிரசங்க பீடங்களிலும் உண்டு. ஈரானியர் என்றதும் முழக்கமிடும் கூட்டமும் கறுப்பு அங்கியணிந்த பெண்களுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றனர். இக்காட்சி எத்துணை குறைவுடையது என்பதை மர்ஜான் சத்ராபியின் 'பெர்செப்பொலிஸ்' நமக்கு உணர்த்துகிறது. 1969இல் பிறந்து தெஹ்ரானில் வளர்ந்த இவர், தம் இளமை வரலாற்றைக் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களாக வரைந்து, 2000 முதல் 2003 வரை நான்கு பகுதிகளாகப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்.

1979இல் மன்னராட்சி வீழ்ந்தது. மறு ஆண்டில் பள்ளிச் சிறுமியர்க்கு முக்காடு கட்டாயமாயிற்று. சிறுமியரோ அதனை விளையாட்டுப் பொருளாக்கி ஓடியாடுகின்றனர். தாய் முக்காட்டை எதிர்த்து ஊர்வலம் செல்கிறார். தந்தையின் சகோதரர் அனூஷ் மன்னராட்சியில் சிறையிலிருந்தவர். புதிய ஆட்சியில் கொல்லப்படுகிறார். ஆகவே, எந்தக் கொடுமையை நாம் ஈரானியரின் இயல்பு என்கிறோமோ, அக்கொடுமைக்கு முதற்பலியானோர் ஈரானியரே.

இறையியல் மாணவர் கருதவேண்டிய செய்தி வேறொன்றும் உண்டு. ஆறு வயதில் அச்சிறுமி தீர்க்கதரிசியாக விரும்புகிறாள். வீட்டுப் பணிப்பெண் தங்களோடு அமர்ந்து உண்ணாததும் பாட்டியின் முழங்கால் வலியும் அவள் கூறும் காரணங்களுள் அடங்கும். இரவுதோறும் கடவுளோடு உரையாடியவள், அனூஷ் இறந்தபின் அவரை விரட்டிவிடுகிறாள். இதனை நாத்திகம் என்று நாம் எளிதில் ஒதுக்கலாகாது. யோபின் முறையீட்டைக் கற்ற நமக்கு இக்குரல் புதியதன்று.

ஈரான்–ஈராக் போர் நிகழ்ந்த காலத்தில், 1984இல், பெற்றோர் அவளை வியன்னாவுக்கு அனுப்பினர். அங்கே கன்னியர் நடத்திய விடுதியில் அவள் தொலைக்காட்சி முன் பாத்திரத்திலிருந்தே உண்டபோது, தலைமைக் கன்னியர் ஈரானியர் அனைவரையும் பண்பற்றவர் என்று பழித்தார். அவளும் கன்னியரைப் பற்றி ஊரார் கூறும் இழிமொழி ஒன்றைத் திருப்பிச் சொன்னாள், விடுதியினின்றும் வெளியேற்றப்பட்டாள். இருவரும் கேள்விப்பட்டதையே மெய்யெனக் கொண்டனர். துறவின் ஆடை முன்முடிவைப் போக்கவில்லை. அதனால் புண்பட்டவளும் அதற்குத் தப்பவில்லை. தம் குறையையும் மறையாது வரைந்திருப்பதே இந்நூலுக்கு நம்பகத்தன்மை தருகிறது.

எனினும், வசதியும் கல்வியும் வாய்ந்த ஒரு நகரக் குடும்பத்தின் கதையே இது. இதனையே ஈரான் முழுமைக்கும் அளவுகோலாக்கினால், பழைய வார்ப்பின் இடத்தில் புதிய வார்ப்பை வைத்தவராவோம்.

நாசரேத்தைக் குறித்து ஐயுற்ற நாத்தான்வேலிடம் பிலிப்பு வாதாடவில்லை. நேரில் காணவே அழைத்தார். பிற சமயத்தாரைப் பற்றிப் பிரசங்கம் எழுத அமரும்போது, "அவர்கள்" என்ற சொல்லுக்குமுன் நம் பேனா சற்றே நிற்கட்டும். அவர்களுள் ஒருவருடைய கதையையேனும் நாம் முழுமையாகக் கேட்டதுண்டா?