ஒரு கை, ஒரு சீசன்

கிரிக்கெட்டில் ஓவர் முடிந்தால் பந்து அடுத்தவர் கைக்குப் போகும். பேஸ்பாலில் அப்படியில்லை, மாற்றும்வரை எறிகிறவர் எறிந்துகொண்டே இருப்பார். அங்கே மூன்று பேர் அவுட்டானால் ஓர் இன்னிங்ஸ், ஆட்டத்துக்கு ஒன்பது. அமெரிக்காவின் பிராவிடென்ஸ் கிரேஸ் அணிக்காக 1884இல் சார்லஸ் ராட்போர்ன் எறிந்தது 678 இன்னிங்ஸுக்கும் மேல்!

திட்டமிட்டு நடந்ததல்ல இது. அணியில் முக்கிய எறிவாளர்கள் இருவர். மற்றவர் சார்லி ஸ்வீனி, ஒரே ஆட்டத்தில் 19 பேரைத் தன் எறிதலாலேயே அவுட்டாக்கிய (ஸ்ட்ரைக் அவுட்) இளைஞர். இருவருக்கும் ஆகாது. ஜூலையில் ராட்போர்னை அணியே இடைநீக்கம் செய்தது. 22ஆம் தேதி, ஆட்டத்தின் நடுவே ஸ்வீனியை ஃபீல்டிங்குக்குப் போகச் சொன்னார் மேனேஜர். அவரோ கோபித்துக்கொண்டு மைதானத்தை விட்டே போய்விட்டார். மாற்று ஆள் இறக்க விதியில் இடமில்லை. எட்டுப் பேரோடு ஆடித் தோற்றார்கள். வேறு வழியின்றி ராட்போர்னைத் திரும்ப அழைத்தார்கள். கூடுதல் சம்பளம் பேசிக்கொண்டு வந்தார்.

அன்றைய எறிதலே வேறு. இன்றுபோல் எறிவாளர் நிற்க மண்மேடு கிடையாது. தரையில் கோடு கிழித்த கட்டம். அதற்குள் ஓரிரு அடி எடுத்துவைத்து எறியலாம். மட்டையாளர் 50 அடியில் நிற்பார். பந்து உயரமாக வேண்டுமா, தாழ்வாக வேண்டுமா என்று அவரே கேட்டு வாங்கலாம். (எதிரியிடமே மெனு கார்டை நீட்டுவது போல!) தலைக்கு மேல் கையை ஓங்கி எறிய, பிராவிடென்ஸ் ஆடிய தேசிய லீக் அனுமதித்ததே அந்த ஆண்டுதான்.

கேட்ட உயரத்தில் போட்டும் ஏமாற்ற வேண்டுமே? அங்கேதான் விரல் வேலை. விடும்போது பந்தைச் சுழற்றிவிட்டால் அது காற்றை ஒரு பக்கமாகத் தள்ளும். பந்து எதிர்ப்பக்கம் வளையும். கை வீச்சை மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைத்தால், பந்து வருமுன்பே மட்டை சுழன்றுவிடும்.

73 ஆட்டங்களைத் தொடங்கினார். 73ஐயும் அவரே முடித்தார். காலையில் தலைவாரக்கூடக் கை எழும்பாது என்பார்கள். லீக் பட்டம் பிராவிடென்ஸுக்கு. அக்டோபரில் மற்றொரு லீக்கில் பட்டம் வென்ற நியூயார்க் மெட்ரோபாலிடன்ஸோடு நடந்த மூன்று ஆட்டங்களிலும் எறிந்தவர் அவரே, மூன்றிலும் வெற்றி. லீக்கில் அவர் கணக்கில் சேர்ந்த வெற்றிகள் 59 என்று சில ஏடுகள், 60 என்று சில. மற்றொருவர் தொடங்கிய ஓர் ஆட்டத்தை இவர் முடித்துவைத்தார். அது யார் கணக்கு என்ற வழக்கு இன்னும் ஓடுகிறது.