கொள்வினை கொடுப்பினை இல்லாத கட்சிகள்: அமெரிக்க அரசியலில் 'நடு' என்கிற இடம்

'ட்ரைபலிசம்' என்கிற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. இன்றைய அமெரிக்க அரசியலைப் பற்றி எழுதுகிறவர்கள், குறிப்பாகத் தங்களை 'நடுவில் நிற்பவர்கள்' என்று அறிவித்துக்கொள்கிறவர்கள், இந்தச் சொல்லைத்தான் கையில் எடுக்கிறார்கள். குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் கட்சிகளாக இல்லை, 'ட்ரைப்'களாகிவிட்டன. கொள்கையை வைத்துச் சண்டை போடவில்லை, யார் யாரோடு சேர்த்தி என்பதை வைத்துத்தான் சண்டை போடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். 'பழங்குடித்தனம்' என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். வாஷிங்டன்காரன் ஒருத்தரை ஒருத்தர் கடித்துக்கொள்வதற்கு இருளரும் காணிக்காரரும் என்ன பாவம் செய்தார்கள்? 'இனக்குழு மனப்பான்மை' என்பது பரவாயில்லை. ஆனால் அதையும் எழுதிய பிறகு ஒரு சந்தேகம் வந்தது. உண்மையான இனக்குழுச் சமூகங்கள் இப்படித்தான் இருந்தனவா?

மாக்ஸ் க்ளக்மன் என்று ஒரு மானிடவியலாளர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து மான்செஸ்டரில் ஆசிரியராக இருந்தவர். 1955இல் வந்த அவருடைய நூலின் முதல் கட்டுரை, பகைக்குள்ளேயே இருக்கிற சமாதானத்தைப் பற்றியது. அரசு, போலீஸ், கோர்ட் எதுவும் இல்லாத நூயர் மக்கள் (இன்றைய தென்சூடான்) ஏன் ஒருவரையொருவர் வெட்டி மாய்ந்துவிடவில்லை என்பது கேள்வி. அவர் சொல்லும் பதில் எளிமையானது. ஒரு குழு தன் குழுவுக்குள் மணம் செய்துகொள்ள முடியாது, வெளியேதான் பெண் எடுக்க வேண்டும், கொடுக்க வேண்டும். (பெண்ணைக் 'கொடுப்பது', 'எடுப்பது' என்கிற சொற்களில் உள்ள வன்முறையைத் தனியாகப் பேச வேண்டும்.) ஆக, நாளைக்குச் சண்டை என்று வந்தால் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவன் மைத்துனன், இல்லையென்றால் தாய்மாமன். ஒரு கோட்டில் பிரிந்தவர்கள் இன்னொரு கோட்டில் கூடுகிறார்கள். இந்தக் குறுக்குக் கோடுகள்தான் பகையை எல்லை மீறாமல் இழுத்துப் பிடிக்கின்றன. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. புறநானூற்றில் மகட்பாற்காஞ்சி என்கிற துறையில் வருகிற பாட்டெல்லாம் பெண் கேட்டு மறுக்கப்பட்ட இடத்தில் போர் வருவதைத்தான் சொல்கின்றன.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். 1960இல் ஒரு கருத்துக்கணிப்பில் கேட்டார்கள்: உங்கள் பிள்ளை மாற்றுக் கட்சிக்காரரை மணந்துகொண்டால் உங்களுக்கு வருத்தமா? குடியரசுக் கட்சிக்காரர்களில் 5 விழுக்காடு, ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 4 விழுக்காடு 'ஆமாம்' என்றார்கள். ஏறக்குறைய இதே கேள்வியை 2010இல் கேட்டபோது முதல் பக்கம் 49, இரண்டாம் பக்கம் 33. ஷாந்தோ அய்யங்காரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2012இல் எழுதிய கட்டுரை இந்த எண்களைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. மக்களின் கொள்கைகள் அவ்வளவு தூரம் விலகிப் போய்விடவில்லை, வெறுப்புதான் விலகிப்போனது என்பது அவர்கள் முடிவு. அப்படியானால் அமெரிக்கக் கட்சிகள் இனக்குழுக்களாகிவிட்டன என்பது தப்பு. இனக்குழுக்களிடம் இருந்த கொள்வினை கொடுப்பினையைக்கூட இழந்துவிட்டன என்பதே சரி. தமக்குள்ளேயே மணம் முடிக்கிற குழுவுக்கு நம்மிடம் வேறு பெயர் இருக்கிறது. அகமணம்தான் சாதியின் சாரம் என்று அம்பேத்கர் தன் கட்டுரையை வாசித்ததே நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 1916இல்தான்.

நம் இடதுசாரி நண்பர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். "ரெண்டும் ஒண்ணுதானேய்யா, ரெண்டு பேரும் ஒரே முதலாளிகிட்டதானே காசு வாங்குறான்?" என்று கூட்டங்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இந்தக் குறையை முதலில் சொன்னவர்கள் இவர்களல்ல. 1950இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் குழு ஒன்று அறிக்கை வெளியிட்டது. நம் கட்சிகள் தளர்ந்து கிடக்கின்றன, இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு வேண்டும், அப்போதுதான் வாக்காளனுக்குத் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கும் என்பது அதன் சாரம். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. வரம் கொடுத்த சாமி வட்டியோடு கொடுத்திருக்கிறது.

எப்படிக் கிடைத்தது? தொலைக்காட்சி, வானொலி என்று காரணம் சொல்வது வழக்கம். இருபக்கக் கருத்தையும் ஒலிபரப்ப வேண்டும் என்கிற விதி 1987இல் போனது, 1996இல் ஃபாக்ஸ் நியூஸ் வந்தது, இதெல்லாம் உண்மை. ஆனால் வேர் அங்கே இல்லை. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. செனட்டில் அது 73க்கு 27 என்று நிறைவேறியது. கட்சிவாரியாகப் பாருங்கள்: ஆதரித்தவர்கள் ஜனநாயகக் கட்சியில் 46, குடியரசுக் கட்சியில் 27, எதிர்த்தவர்கள் 21, 6. சட்டத்தைக் கொண்டுவந்த ஜான்சனும் ஜனநாயகக் கட்சி. அதைத் தடுக்க வாரக்கணக்கில் பேசிப் பேசியே அவையை முடக்கிய தெற்கத்தி வெள்ளை உறுப்பினர்களில் ஒருவர் தவிர எல்லோரும் ஜனநாயகக் கட்சி. நியூயார்க்கின் ஜேக்கப் ஜாவிட்ஸ் போன்ற தாராளவாதிகள் குடியரசுக் கட்சியில் இருந்தார்கள். ஒவ்வொரு கட்சிக்குள்ளும் மற்றக் கட்சியின் உறவினர்கள். க்ளக்மன் சொன்ன குறுக்குக் கோடு இதுதான்.

எதிர்த்து வாக்களித்த ஆறு குடியரசுக் கட்சிக்காரர்களில் ஒருவரான கோல்ட்வாட்டர் அந்த வருசமே அதிபர் வேட்பாளரானார். தோற்றார், ஜெயித்தது தன் சொந்த அரிசோனாவும் ஆழ்தெற்கின் ஐந்து மாநிலங்களும் மட்டும். உள்நாட்டுப் போருக்குப் பிறகு குடியரசுக் கட்சியை வாசலில்கூட ஏற்றாத தெற்கு அது. அடுத்த முப்பது ஆண்டுகளில் தெற்கு வெள்ளையர்கள் ஒருபக்கமாக நகர்ந்தார்கள், கறுப்பர்களும் நகரத்துத் தாராளவாதிகளும் மறுபக்கம் குவிந்தார்கள். 1994இல் நியூட் கிங்ரிச் தலைமையில், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையைப் பிடித்தபோது இந்த நகர்வு ஏறக்குறைய முடிந்திருந்தது. நிறம், மதம், ஊரா நகரமா, படிப்பு எல்லாம் கட்சி என்கிற ஒரே கோட்டின் மேல் வந்து படுத்துக்கொண்டன. லிலியானா மேசன் 2018இல் எழுதிய நூல் இதைத்தான் விளக்குகிறது. முன்பு கட்சி தோற்றால் கட்சிதான் தோற்றது. இன்று தோற்பது தன் சபை, தன் ஊர், தன் நிறம், தன்னிலை முழுக்க.

தோல்வி இப்படி ஆகிவிட்டால் ஆதாயத்தைவிட வித்தியாசம் முக்கியமாகிவிடும். ஹென்றி டாஜ்ஃபெல் 1970களின் தொடக்கத்தில் பிரிஸ்டல் பள்ளிப் பையன்களை வைத்துச் செய்த சோதனை பிரபலம். அவர் போலந்து யூதர், நாஜிகளிடம் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். நீ க்ளேயின் ஓவியம் பிடித்தவன், நீ காண்டின்ஸ்கி பிடித்தவன் என்று ஒன்றுமில்லாத ஒரு காரணத்தைச் சொல்லிப் பிரித்து, மற்றவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னார். பையன்கள் பலர் தங்கள் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் சரி, மற்றக் குழுவுக்கு அதைவிடக் குறைய வேண்டும் என்று பங்கிட்டார்கள். 2024 பிப்ரவரியில் செனட்டில் நடந்ததும் வேறல்ல. எல்லையை இறுக்கு என்று குடியரசுக் கட்சி கேட்டுக்கொண்டே இருந்தது. அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லாங்க்ஃபோர்ட் மற்றப் பக்கத்தோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு மசோதாவைத் தயாரித்தார். டிரம்ப் வேண்டாமென்றார். கேட்டவர்களே கேட்டதை மறுத்தார்கள். தேர்தல் ஆண்டில் பைடனுக்கு அது ஒரு வெற்றியாகிவிடக் கூடாது, அவ்வளவுதான் விசயம்.

இதுவரைக்கும் நடுவாதியின் கதை. நானும் இந்த விசயத்தில் அந்தப் பக்கம் சாய்கிறவன்தான், மறைக்கவில்லை. நம் பத்திரிகைகளில் 'நடு' என்பது வசவு என்றும் தெரியும். ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒரு விசயத்தை விழுங்கிவிடுகிறார்கள். அதைக் கேட்காமல் நடுவில் நிற்க முடியாது.

1960இல் மாற்றுக் கட்சியில் சம்பந்தம் செய்ய யாருக்கும் வருத்தமில்லை, சரி. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்னால், 1958இல், காலப் நிறுவனம் கறுப்பர் வெள்ளையர் மணத்தை ஏற்கிறீர்களா என்று கேட்டபோது ஏற்றவர்கள் 4 விழுக்காடு. லவ்விங் வழக்கில் உச்சநீதிமன்றம் 1967இல் தீர்ப்புச் சொல்லும்வரை பதினாறு மாநிலங்களில் அது குற்றம். (2021இல் ஏற்றவர்கள் 94 விழுக்காடு.) அந்தப் பொற்காலத்தில் அகமணம் இல்லாமல் இல்லை, வேறு கோட்டில் இருந்தது. இரண்டு கட்சி வெள்ளையர்களும் மைத்துனர்களாக இருக்க முடிந்தது, மூன்றாவது ஆள் ஒருவன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்ததால். 1877இல் அதிபர் தேர்தல் தகராறு தீர்ந்ததும் இப்படித்தான். ஹேய்ஸுக்குப் பதவி, தெற்கிலிருந்து படைகள் வாபஸ். இரண்டு கட்சிக்கும் நடுவில் நல்ல சமரசம். அதன் விலையை ஜிம் குரோ சட்டங்களின் கீழ் கறுப்பர்கள் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கொடுத்தார்கள். 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தில் கூ க்ளக்ஸ் க்ளானைவிட வெள்ளை மிதவாதியைப் பெரிய தடையாகச் சொன்னதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

ஆகவே 'நடு' என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று, இரண்டு முனைக்கும் நடுவில் கயிறு பிடித்து அளந்து கண்டுபிடிக்கிற இடம். முனை நகர்ந்தால் இதுவும் நகரும். மாட்டைத் திருடியவனுக்கும் பறிகொடுத்தவனுக்கும் ஆளுக்குப் பாதி மாடு என்று பஞ்சாயத்து சொல்கிற நடு இது. அமெரிக்கப் பத்திரிகைகளின் 'இரண்டு பக்கமும்' என்கிற பல்லவி பெரும்பாலும் இந்த ரகம். தாமஸ் மான், நார்மன் ஆர்ன்ஸ்டைன் இருவரும் தாராளவாதப் புரட்சிக்காரர்கள் இல்லை, ஒருவர் வேலை பார்த்தது பழமைவாத ஆய்வு நிறுவனத்தில். அவர்களே 2012இல், பழுது சமமாக இல்லை, குடியரசுக் கட்சிதான் அதிகம் விலகிப்போயிருக்கிறது என்று எழுதினார்கள். வெறுப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. துப்பாக்கியும் பக்கம் பார்க்கவில்லை: 2025 ஜூனில் மின்னசோட்டாவில் மெலிசா ஹார்ட்மன், செப்டம்பரில் யூட்டாவில் சார்லி கிர்க். ஆனால் தோற்ற அதிபரின் ஆட்கள் வாக்கு எண்ணிக்கையை நிறுத்த நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது 2021 ஜனவரி 6இல் ஒரு பக்கத்திலிருந்துதான். அவர்களில் சுமார் 1500 பேருக்கு 2025இல் பதவியேற்ற அன்றே மன்னிப்பு கொடுத்ததும் அதே பக்கம்தான். இதைச் சொன்னால் நடுநிலை கெட்டுவிடும் என்று நினைக்கிறவர்கள் நடுநிலையை அளவுகோலாக நினைத்திருக்கிறார்கள், தராசாக அல்ல.

மற்றது, ஆட்ட விதியின் பக்கம் நிற்கிற நடு. எனக்கு வேண்டியது இதுதான். இது எவ்வளவு மெலிந்தது, எதை நம்பி நிற்கிறது என்பதைப் பத்துப் பேரின் கதை காட்டும். ஜனவரி 6க்காக டிரம்ப்பைப் பதவிநீக்கக் குற்றம்சாட்டும் தீர்மானத்துக்கு பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் பத்துப் பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். 2022 தேர்தலுக்குள் நான்கு பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். நான்கு பேர் முதற்கட்டத் தேர்தலில் தோற்றார்கள். வயோமிங்கின் லிஸ் சேனி அவர்களில் ஒருவர். மிஞ்சியது இருவர்: கலிஃபோர்னியாவின் வலடேயோ, வாஷிங்டன் மாநிலத்தின் நியூஹவுஸ். இருவரும் அதிக யோக்கியர்கள் என்பதல்ல காரணம். அமெரிக்காவில் கட்சி வேட்பாளரை மேலிடம் தேர்ந்தெடுப்பதில்லை. வாக்காளர்கள் முதற்கட்டத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் அது கட்சிக்குக் கட்சி தனித்தனி, வருகிறவர்கள் சொற்பம், வருகிறவர்களில் தீவிரமானவர்களே அதிகம். தொகுதியும் ஒரு கட்சிக்கே எழுதிவைத்ததாக இருந்துவிட்டால் அங்கே ஜெயித்தவன் நவம்பரில் தூங்கலாம். இந்த இரண்டு மாநிலங்களில் மட்டும் எல்லாக் கட்சியும் ஒரே முதற்கட்டத் தேர்தலில் நிற்கும், முதல் இருவர் இறுதிக்குப் போவார்கள். மற்றப் பக்கத்து வாக்கும் கணக்கில் வருகிறது. (வாஷிங்டனிலேயே இன்னொருவர் தோற்கவும் செய்தார். விதி மந்திரக்கோல் அல்ல.)

தோற்ற நால்வரில் மிச்சிகனின் பீட்டர் மெய்ஜர் கதை நடுவாதிகள் சொல்லச் சங்கடப்படுவது. முதற்கட்டத்தில் அவரை எதிர்த்து நின்ற டிரம்ப் ஆதரவாளரைப் பிரபலப்படுத்தும் விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தது ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு. தீவிரவாதி வந்தால் நவம்பரில் சுலபமாக வீழ்த்தலாம் என்று கணக்கு. கணக்கு பலித்தது, தொகுதி அவர்களுக்கு வந்தது. ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று மேடையில் பேசிய அதே கோடையில்.

அலாஸ்கா 2020இல் வேறு விதியை ஏற்றது: ஒரே முதற்கட்டத் தேர்தல், முதல் நால்வர் இறுதிக்கு, அங்கே வாக்காளர் விருப்ப வரிசைப்படி எண் போடுவார். செனட்டில் டிரம்ப்பைக் குற்றவாளி என்று வாக்களித்த ஏழு குடியரசுக் கட்சிக்காரர்களில் 2022இல் மறுபடி தேர்தலில் நின்றவர் லிசா முர்கோவ்ஸ்கி ஒருவர்தான். இந்த விதியின் கீழ் ஜெயித்தார். 2024 நவம்பரில் அதை ஒழிக்கும் தீர்மானம் அலாஸ்காவில் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் தோற்றது. கொலராடோ, ஐடஹோ, நெவாடா மூன்றிலும் அதைப் போன்ற விதி வேண்டுமா என்று அதே நாளில் மக்களிடம் கேட்டார்கள். கட்சி அமைப்புகள் பல இடங்களில் எதிர்த்துப் பிரச்சாரம் செய்தன. மூன்று மாநிலத்து வாக்காளர்களும் வேண்டாம் என்றார்கள்.