தகப்பனாருக்கு ஒரு வாழ்த்துச் சித்திரம்

வாழ்த்து அட்டை விற்கும் கடைகளில் ஒரு வேடிக்கையைக் காணலாம். தாயாருக்கும் தமக்கைக்கும் உரிய அட்டைகள் ரோஜாவும் தாமரையுமாகக் குலுங்குகின்றன. தகப்பனாருக்கு என்று தேடினாலோ, மோட்டார் வண்டி, கழுத்துப் பட்டி, புகைக் குழாய், முறுக்கு மீசை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுதான் அகப்படுகிறது. நம் தகப்பனார்களில் புகைக் குழாய் பிடித்தவர்கள் எத்தனை பேர்? அட்டையை எழுதிய சைத்ரிகர் மனத்தில் யாரோ ஒரு துரைதான் நின்றிருக்க வேண்டும்.

பிறந்த நாளுக்கு அட்டை அனுப்பும் வழக்கம் மேல்நாட்டிலிருந்து வந்ததென்பது உண்மையே. நம் வீடுகளில் ஜன்ம நட்சத்திரத்தன்று கோயிலில் ஓர் அர்ச்சனை, இலையில் கொஞ்சம் பாயசம், அவ்வளவோடு முடிந்துவிடும். ஆயினும் பொங்கல் வாழ்த்து அட்டையை நாம் ஏற்றுக்கொண்டு, கரும்பையும் காளையையும் அதில் எழுதி, நம்முடையதாக்கிக் கொள்ளவில்லையா? அட்டை அந்நியமாயிருப்பதில் குற்றமில்லை. அதில் உள்ள சித்திரம் அந்நியமாயிருப்பதுதான் குறை.

சித்திரத்தை நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால், முதல் தடை வர்ணத்தில் இல்லை. வகுப்பில் பிள்ளைகளை நோக்கி, “உங்கள் அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டால் பத்துக் குரல்கள் ஒருங்கே எழும்பும். “அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?” என்றால் சற்று நேரம் மௌனம். பிறகு ஒருவன், “காப்பி” என்பான். காலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் மனிதரைப் பற்றிக் குழந்தைகள் அறிந்தது அவ்வளவே. ஆகையால் பிரஷைத் தொடுமுன் ஒரு வாரம் அவரைக் கவனிக்கவேண்டும். பாட்டியிடமும் அத்தையிடமும் விசாரிக்க வேண்டும். சிறு வயதில் எந்த ஊர்க் குளத்தில் நீந்தினார், எந்த மரத்தில் ஏறினார், இன்னும் எதைத் தூக்கி எறிய மனமில்லாமல் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அப்போது வெளிவரும். ஆண்களுக்கு உரிய சித்திரம் என்பது கறுப்பும் சாம்பலுமாக எழுதுவதன்று. அந்த ஒருவருக்கே உரியதை எழுதுவதுதான்.

சிறிய அட்டையில் என்ன பெரிய கலை என்று கருத வேண்டாம். 1938-இல் காந்தியடிகளின் விருப்பத்திற்கிணங்க ஹரிபுரா காங்கிரஸுக்குச் சித்திரங்கள் தீட்டிய நந்தலால் வசு, நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் தபால் கார்டிலேயே படம் எழுதி அனுப்பும் வழக்கமுடையவர். அவருடைய குரு அவனீந்திரநாத தாகூர், 1903-இல் கல்கத்தாவுக்கு வந்த ஜப்பானிய ஓவியர்களின் முறையைப் பார்த்து, எழுதிய படத்தை நீரில் நனைத்து நனைத்து வர்ணத்தை மென்மையாக்கும் வழியைக் கைக்கொண்டார். அவருடைய மற்றொரு சீடரான தேவிபிரசாத் ராய் சௌதரி 1929-இல் சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக வந்தார். மெரினாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் வார்த்ததே. நீர் வர்ணம் நமக்குப் புதிதன்று.

ஓர் உதாரணம் சொல்வோம். தகப்பனார் தென்பாண்டிச் சீமையில் தேரி மணலும் பனையும் உள்ள ஊரில் பிறந்து, உத்தியோகத்திற்காகப் பட்டணம் வந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மாலை வேளையில் நிற்கும் மூன்று பனைகள் போதும். வர்ணமும் மூன்றே: நீலம், மஞ்சட் காவி, செம்பழுப்பு. பெட்டியில் பன்னிரண்டு வர்ணம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் குழைத்தால் சேறுதான் மிஞ்சும்.

காகிதம் கனமாயிருக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளதானால் நீர் பட்டாலும் அதிகமாகச் சுருங்காது. தஞ்சாவூரில் பிறந்த குமரப்பா, 1934-இல் காந்தியடிகள் நிறுவிய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாயிருந்து ஊக்கிய தொழில்களுள் கைக் காகிதமும் ஒன்று. புதுச்சேரி ஆசிரமத்தாரின் காகிதச் சாலை 1959-இல் தொடங்கியது. அத்தகைய காகிதம் கிடைத்தால் மிகவும் நன்று. ஆனால் சில கைக் காகிதங்கள் நீரை ஒரேயடியாகக் குடித்துவிடும். ஓரத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்தபின் வாங்குக.

8 அங்குலத்துக்கு 6 அங்குலமாக ஒரு துண்டு வெட்டி, இரண்டாக மடித்தால் அட்டை ஆயிற்று. சித்திரத்தை அதன்மேலேயே எழுதாமல் 3-க்கு 5 அங்குலத் துண்டில் தனியே எழுதி ஒட்டுவது உசிதம். ஒன்று கெட்டால் மற்றொன்று எழுதலாம். சுற்றிலும் அரை அங்குல வெள்ளை விளிம்பும் கிடைக்கும்.

துண்டின் மேற்பகுதியைச் சுத்த நீரால் நனைத்து, ஈரத்தின்மேல் நீலத்தை மேலிருந்து கீழாக, வரவர வெளிறும்படி இழுக்க வேண்டும். அடிவானத்தருகே மஞ்சட் காவியைத் தொட்டு விட்டால் அது தானே பரவி நீலத்துடன் கலக்கும். அப்போது பிரஷை வைத்துத் திருத்தப் போகலாகாது. நீர் வர்ணத்தில் பாதி வேலை சும்மா இருப்பதுதான்! சூரியனுக்கு வெள்ளை வர்ணம் வேண்டாம். காகிதத்தின் வெண்மையையே வட்டமாக விட்டுவிடலாம்.

வானம் நன்கு உலர்ந்தபின் கீழே செம்பழுப்பைப் பூசி, அதன் பளபளப்பு மங்கும் தருணத்தில் தூள் உப்பைச் சிறிது தூவவும். உப்பு ஈரத்தை உறிஞ்ச, அவ்விடங்களில் வெளிர் புள்ளிகள் பூக்கும்; தேரி மணல் கண்முன் வந்துவிடும். முற்றும் காய்ந்தபிறகு உப்பைத் துடைத்துவிடலாம்.

பனைக்கு நீலத்தையும் செம்பழுப்பையும் கெட்டியாகக் கலந்தால் கறுப்பை விட உயிருள்ள கருமை கிடைக்கும். பிரஷைத் துணியில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் அடிமரத்தை இழுத்தால் காகிதத்தின் மேடுகளில் மட்டும் வர்ணம் பற்றி, பனையின் சொரசொரப்பு தோன்றும். ஓலைகளைத் தென்னையைப் போல் தொங்கவிடலாகாது. அவை விசிறியாக விறைத்து நிற்க வேண்டும். பனையில் ஆண் வேறு, பெண் வேறு. நுங்குக் குலை பெண் பனைக்கே உண்டு. தகப்பனாருக்கான அட்டையாயிற்றே என்று ஆண் பனையை மட்டும் எழுத வேண்டுமா? அவர் சிறுவனாய் ஏறி இறக்கியது நுங்காயிருந்தால் குலையோடு எழுதுவதே நியாயம்.

உள்ளே எழுதும் வாசகம் ஆங்கிலத்தில் வேண்டாம். கடன் வாங்கிய கவிதையும் வேண்டாம். அவருடைய ஊரின் பெயர், தேதி, எழுதியவர் கையெழுத்து, அவற்றோடு இரண்டு வரி. சித்திரத்தை ஒரு கனத்த புத்தகத்தின் கீழ் ஓர் இரவு வைத்து நிமிர்த்தபின் ஒட்டுக. தபாலில் அனுப்புவதானால் மெழுகுத் தாளில் சுற்றி உறையிலிடவும். மழைத் துளி பட்டால் பனை மூன்றும் கரைந்துவிடும்.